பாபி காட்டிய ஒற்றை விரல்

பாய்,

லஸ் முனையில் நம்முடைய கார் ஸ்டாண்டு இருந்த இடத்தைத் தகரம் வைத்து அடைத்து, மெட்ரோ ரயிலுக்காகப் பாதாளம் வரைக்கும் தோண்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்த வருஷம் இது. மயிலாப்பூரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் ஒருவழி என்று போலீஸ்காரருக்கே தெரியாத வருஷம். உனக்கு நான் இப்படித்தான் சொல்ல முடியும். எண்ணைச் சொன்னால் எனக்கும் பிடிபடாது, நீயும் எண்ணில் கேட்டதில்லை. "எப்போ நைனா, சுனாமிக்கு முந்தியா பிந்தியா?" என்றுதான் கேட்பாய்.

என் வலது உள்ளங்கையில் ஒரு வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன். புளியைத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. சூடேறின கம்பியின் மேல் ரப்பர் இளகும்போது வருமே, அந்த வாசனை. உன் கையில் எப்போதும் இருந்தது. நீ எடுத்துக் கொடுத்த பீடியில்கூட அதுதான் முதலில் ஏறும், புகையிலை அப்புறம்தான். மத்தியானத்திலிருந்து கையை மூக்குக்குக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போய் வண்டியைப் பார்க்கிறேன். உள்ளே வந்து போனைப் பார்க்கிறேன். "மாமா, ஒரு எடத்துல குந்திச் சொன்னாத்தான நான் எழுத முடியும்" என்று மருமகள் பேனாவோடு முறைக்கிறாள். எழுதுகிறவள் அவள். சொல்கிறவன் நான்.

இன்றைக்குப் பாபியை ரயிலேற்றிவிட்டேன் பாய். உன் வீட்டுக்காரம்மா ஊரைவிட்டே போய்விட்டார்கள். வாணியம்பாடிக்கு, உன் பெரிய பெண் வீட்டுக்கு. இனிமேல் அங்கேதான். ரயில் இந்நேரம் அரக்கோணம் தாண்டியிருக்கும். இறங்கினதும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது என்னிடம் என்னவோ சொன்னார்கள். வாய் அசைந்தது, சிரிப்பும் இருந்தது. ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமல் அப்போதிருந்து அல்லாடுகிறேன்.

ஆமாம், என் காதும் போய்விட்டது. நீ சிரிப்பாய். "வா நைனா, நம்ம சங்கத்துக்கு" என்பாய்.

காலையில் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. மந்தைவெளியிலிருந்து திருவல்லிக்கேணி வரைக்கும் வெண்ணெய் மாதிரி வந்தது. அதே வெள்ளை டீசல் வண்டிதான். மகன் வேறு வண்டி எடுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். பாபிக்கு ஆட்டோ கூப்பிட எத்தனையோ பேர் இருந்தார்கள். "போனா அவரு கை வெச்ச வண்டியிலதான் போவேன், அண்ணாவ வரச் சொல்லு" என்று உன் பெண்ணிடம் சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு நான் ராத்திரியே வண்டியைக் கழுவிவிட்டேன்.

உங்கள் சந்தில் சாமானை ஏற்றினோம். இரண்டு பெட்டி, பாபியின் தையல் மெஷின், கடைசியாக மாடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த கொடிக்கயிறு. "இத எதுக்கு பாபி, வாணியம்பாடில கயிறு கெடைக்காதா?" என்றேன். "இது நல்ல கயிறு" என்று மடியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சாவியை வாங்கித் தன் பூட்டைப் போட்டுவிட்டு, பாபியிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதவுக்குள் இனி நுழைய முடியாது. ரயிலைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் பெட்டியோடு தெருவில்தான்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கவில்லை.

மறுபடி திருப்பினேன். ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வந்த பயம் என்ன தெரியுமா? வண்டி கெட்டுப்போன பயம் இல்லை. உள்ளே ஏதாவது சத்தம் வந்ததா, வரவில்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. 'டக்' என்றதா? 'டகடக' என்றதா? செத்துக் கிடக்கிறதா? அது தெரியாமல் எந்தப் பக்கம் கையை வைப்பது? நீ ஒரு காலத்தில் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், உன் மூளை இல்லாமல்.

பின்னால் ஒரு ஆட்டோ. சந்தில் ஒதுங்க இடம் கிடையாது, இரண்டு பக்கமும் பைக்குகள். ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். வாயை என் காதுக்கிட்டே கொண்டுவந்து பேசுகிற ஆள், அதனால் அவர் பேசியது மட்டும் நன்றாக விழுந்தது.

"இன்னா பெர்சு, குதிர படுத்துக்கிச்சா?"

"எடுத்துடும்பா. இரு."

"எங்க எடுக்குறது? பேட்டரி அவுட்டு. ஜம்பர் ஒயர் கீதா? முன்னாடி நிக்குது பார் கால் டாக்ஸி, அவன் பேட்டரிலருந்து ஒரே இழுப்பு, எடுத்துடும்."

டிக்கியைத் திறந்து நீ செய்து கொடுத்த வயரை எடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "சோடி எங்க?"

"செவப்பு காணாப்பூடுச்சு. கறுப்பு மட்டும்தான் கீது."

"ஒத்த ஒயர வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? துணி காயப் போடுவியா?" சொல்லிவிட்டுப் பாபி மடியிலிருந்த கொடிக்கயிற்றைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரக்கப்பட்டார். "யம்மா, ரயிலுக்கா? சாமானத் தூக்கி என் வண்டில போடுங்க. நான் உட்டுட்றேன். பெர்சு மெக்கானிக்கக் கூட்டிக்கினு வரட்டும்."

நியாயமான பேச்சு. நானே பெட்டியில் கையை வைத்துவிட்டேன், இறக்கிவிடலாமென்று. பாபி கையை எடுக்கச் சொன்னார்கள். "இன்னும் நேரம் இருக்குது. நீங்க முன்னாடி போயி பானட்டத் தொறங்க அண்ணா. சாவிய நான் திருப்புறேன்." புர்காவைச் சுருட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியாத மனுஷி. நான் தயங்கினதைப் பார்த்து, "என்னா பாக்குறீங்க? இத்தினி வருஷமா உங்க பாய்க்கு வீட்ல காது யாரு?" என்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாவி திரும்பியது. பாபி தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். அப்புறம் ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினார்கள். ஒன்று.

பாய், நான் பானட்டைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தேன்.

அந்த விரல் நம்முடையது. நீயும் நானும் லஸ்ஸில் வேப்பமரத்தடியில் செய்துகொண்டது. ராயப்பேட்டையில் ஹாரன் ரிப்பேர் கடை வைத்திருந்தாயே, லாரி ஹாரன், பஸ் ஹாரன், கல்யாண வண்டிக்குக் குயில் கூவுகிற ஹாரன் என்று நாளெல்லாம் காதுக்கிட்டே வைத்து அடித்துப் பார்த்து, கடைசியில் காதை விட்டுவிட்டாய். "ஊருக்கெல்லாம் சத்தம் குடுத்தேன், எனக்கு நிம்மதி குடுத்துட்டான் அல்லா" என்று சொல்லிக்கொண்டு கடையை மூடிவிட்டு எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தாய். கேட்காத காதோடு கார் எலெக்ட்ரீஷியன் வேலை. ஸ்டாண்டில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். செல்ஃப் எடுக்காத வண்டி வந்தால் சாவி என் கையில், பேட்டரியும் வயரும் உன் கையில். ஒரே ஒரு 'டக்' கேட்டால் நான் ஒரு விரல் காட்டவேண்டும். மழை பெய்கிற மாதிரி 'டகடகடக' என்றால் ஐந்து விரலையும் ஆட்டவேண்டும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால் மூடின கை. எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால் விரலைக் காற்றில் வட்டமாகச் சுழற்றவேண்டும். அவ்வளவுதான் பாஷை.

மழையென்றால் பேட்டரிக்குப் பசி. மூடின கை என்றால் சாவிப் பக்கம் பார். ஒரு விரல் என்றால்தான் உன் முகம் மாறும். "மனசு கீது, பலம் போய்ச் சேரல. வழியில எங்கியோ நிக்குது" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார்ப்பாய். எங்கே சுடுகிறதோ அங்கே நிற்கிறது. டாக்டர் நாடி பார்ப்பதைப் போல என்று இஸ்திரிக்காரர் சொல்வார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாரே, அவருக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது. டீ வந்துவிட்டால் தூரத்திலிருந்து விரலைச் சுழற்றுவார்.

பாபி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கதவை யாராவது தட்டினால் ஒரு விரல். போன் அடித்தால் ஐந்து விரல். கரண்டு போய்விட்டால் மூடின கை. நீ கோபித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தால், சமாதானமாகிவிட்டதற்கு அடையாளமாக ஜன்னலிலிருந்து வட்டம்.

ரயில் இப்போது காட்பாடியில் நிற்கும். மருமகளைப் போனில் பார்க்கச் சொன்னேன். "இல்ல மாமா, இன்னும் போகல, லேட்டாம்" என்கிறாள். வாசலுக்கு ஒரு நடை போய்வந்தேன்.

பாபி ஒரு விரலைக் காட்டினதும் எனக்கு ஒரு பழைய சந்தன வாசனை வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ. ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின வருஷம் வெள்ளம் வந்து அடையாற்றுக்கரையெல்லாம் முங்கினது, என் வண்டியும் சீட்டு வரைக்கும் தண்ணீர் குடித்தது. பூஜைக்கு அடுத்த மாதம் ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அதற்கும் அடுத்த மாதம் புயல் வந்து லஸ்ஸில் நம் வேப்பமரத்தைச் சாய்த்தது. நடுவில் வந்தது அந்த ஆயுத பூஜை. எங்கள் பூஜையும் உங்கள் மொகரமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்த வருஷம்.

அப்போது என் வீட்டுக்காரி நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் அவள் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடந்தேன். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் பூசணிக்காய் உடைகிறது, என் வண்டி மட்டும் ஸ்டாண்டில் தூசியோடு நிற்கிறதே என்று அவளிடம் சும்மா சொன்னேன். நீ பார்க்க வந்திருந்தாய். உனக்குக் கேட்டிருக்காது, ஆனால் நான் சொன்னதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டாய் போலிருக்கிறது.

நீயும் பாபியும் ஸ்டாண்டுக்குப் போய் வண்டியைக் கழுவியிருக்கிறீர்கள். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து, எல்லாம் இஸ்திரிக்காரர் சொல்லச் சொல்ல. சந்தனம் மட்டும் யாரையும் கேட்காமல் நீயே வைத்திருக்கிறாய். ஸ்டீயரிங், விளக்கு, சக்கரம், எல்லாவற்றுக்கும். அதோடு விட்டாயா? பானட்டைத் திறந்து, எலெக்ட்ரீஷியன் புத்தி, பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றிச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, வண்டிக்கு உயிரே இதுதானே என்று அந்த இரண்டு ஈயக் குமிழுக்கும் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே கிளாம்ப்பை இறுக்கி மூடிவிட்டாய். பாபி சாம்பிராணி காட்டினார்களாம்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வெயிலில் அவளை ஒரு கல்லில் உட்காரவைத்து, இதோ வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஸ்டாண்டுக்கு ஓடினேன். மாலையும் மரியாதையுமாக வண்டி நின்றது. கண் கலங்கிப்போனேன். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. எரிந்துகொண்டிருந்த விளக்கும் செத்தது.

அன்றைக்கு நான் கத்தின கத்தல்! "எவண்டா என் வண்டியத் தொட்டவன்? பொம்பள அங்க வெயில்ல ஒக்காந்துனு கீறா! நல்லா இருந்த வண்டிய எவண்டா நோண்டுனது?" உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ நிதானமாக முண்டாசை அவிழ்த்து, பானட்டைத் திறந்து, என் பக்கம் திரும்பி, எத்தனை என்று புருவத்தைத் தூக்கினாய். நான் கோபத்தோடு ஒரு விரலைக் காட்டினேன். டெர்மினல் மேல் கையை வைத்தாய். வெடுக்கென்று எடுத்தாய். மறுபடி வைத்தாய். ஸ்பானரை எடுத்துக் கிளாம்ப்பைத் தளர்த்தித் தூக்கினாய். உள்ளே சந்தனம் வெந்து, பழுப்பேறி, பொருக்குப் பொருக்காக. அந்தச் சூட்டில் கமகமவென்று ஒரு வாசனை கிளம்பியது பாய், கபாலி கோயில் பக்கத்தில் அபிஷேகக் கடை திறந்த மாதிரி!

நீ என்னைப் பார்த்தாய். பாபியைப் பார்த்தாய். பாபி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கமுடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். இஸ்திரிக்காரர், "யோவ் பாய், சாமிக்குக் காட்டுனா போதாதா, கரண்டுக்கும் பொட்டு வெச்சிட்டியா?" என்றார். அது உனக்குக் கேட்காமலே விளங்கிவிட்டது. என் கத்தலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சந்தனத்தைச் சுரண்டித் தூக்கி எறியவில்லை, விரலில் எடுத்து என் நெற்றியில் இழுத்துவிட்டாய். சுட்டது.

செல்ஃப் எடுத்தது. நீ பானட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாய். அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது வண்டிக்குள் முழுக்க அந்த வாசனை. கதையைச் சொன்னதும் அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அன்று அவளும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். பின்னால் வாயிலும் மூக்கிலும் குழாய் வைத்துப் பேச முடியாமல் கிடந்த நாட்களில், எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் போர்வைக்கு வெளியே விரலை எடுத்துச் சின்னதாக ஒரு வட்டம் போடுவாள். ஓடுது, கவலைப்படாதே என்று. ஒருநாள் கையை மூடிவிட்டாள்.

அந்தச் சந்தன நாளுக்குப் பிறகுதான் வெல்டிங் வயரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு செய்து என் டிக்கியில் போட்டாய். "வெள்ளம் குடிச்ச வண்டி நைனா. இன்னிக்கு இல்லன்னா ஒருநாள் கேட்டே தீரும்" என்றாய். சிவப்பை எவனோ இரவல் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான்.

கேட்டது பாய். இன்றைக்குக் கேட்டது.

விளக்கைப் போடச் சொன்னேன் பாபியை. எதிர்ச் சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. சாவியைத் திருப்பும்போதும் அது மங்கவில்லை. ஆட்டோக்காரரிடம், "பாத்தியா? பேட்டரி இல்ல" என்றேன். அவர், "அப்ப செல்ஃப் மோட்டாரே பூட்ச்சா?" என்று என் பக்கத்தில் வந்து குனிந்துவிட்டார். வழி விடு என்று சொல்ல வந்தவர், வழியையே மறந்துவிட்டார். நான் டெர்மினலில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. பாபி திருப்பினார்கள், ஒரு விரல். செல்ஃபுக்குப் போகிற தடித்த வயரைப் பிடித்தேன். அதுவும் சில்லென்றுதான். மறுபடி ஒரு விரல். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

மூடினதும்தான் ஒன்று புரிந்தது. நீ யோசிப்பதற்காகக் கண்ணை மூடவில்லை. கண் திறந்திருந்தால் கை, தெரிந்த இடத்துக்குத்தான் போகும். மூடினால் போகாத இடத்துக்கும் போகும்.

போயிற்று. என்ஜினுக்கு மேலே ஓடுகிற ஆக்சிலேட்டர் கேபிள், கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மெல்லிசுக் கம்பி, அதில் உள்ளங்கை பட்டது. பாபி சாவியைத் திருப்பின நேரம். சுரீரென்று சுட்டது. ரப்பர் இளகிக் கையில் ஒட்டியது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். வலியில் இல்லை பாய். இடத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

கரண்டின் பலம் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிசுக் கம்பி வழியாகத் திண்டாடிப் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் போகவேண்டிய வழி அறுந்திருக்கவேண்டும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டை, ஜடை மாதிரிப் பின்னினது, பச்சையாகப் பூத்து, இற்று, இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்துத் தண்ணீர் அத்தனை வருஷம் உள்ளேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது.

"யோவ், ஒத்த ஒயரு" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"எதுக்கு?"

"எடுத்துக்கினு வாய்யா, துணி காயப் போடலாம்."

கறுப்பு வயரின் ஒரு கவ்வியைப் பேட்டரியின் நெகட்டிவில் போட்டேன். இன்னொன்றை என்ஜினின் வெறும் இரும்பில், துருவைச் சுரண்டிவிட்டுக் கவ்வவிட்டேன். அதற்கு ஒற்றை வயர் போதும். சிவப்பு வேண்டாம். நீ செய்த கவ்வி, பல் இன்னும் கெட்டியாக இருந்தது. பாபியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பானட் விளிம்பில் இருந்த என் கை அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்குள் பாபி விரலை வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ஆட்டோக்காரரும் ஒன்றும் புரியாமல் தன் விரலைச் சுழற்றினார்.

கவ்வி ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாது. எதால் கட்டுவது என்று பார்த்தேன். பாபி மடியிலிருந்த கொடிக்கயிற்றை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். "சொன்னேன்ல, நல்ல கயிறு." இறுக்கிக் கட்டிப் பானட்டை மூடினேன்.

அதன் பிறகு நான் வண்டியை அணைக்கவில்லை. வாலாஜா ரோடு, மவுண்ட் ரோடு, எல்லாச் சிக்னலிலும் கால் ஆக்சிலேட்டரில். வழியெல்லாம் பாபி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். உன் பழைய கடை இருந்த தெருப்பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னார்கள். எனக்குப் பாதிதான் விழுந்தது. உன்னை அடக்கம் பண்ணின நாளைப் பற்றி என்று நினைக்கிறேன். கொரோனா இரண்டாவது தடவை சுழற்றியடித்த வருஷம், நாலு பேருக்கு மேல் விடவில்லை. நான் கபரஸ்தானுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்தினேன், விடாமல். போலீஸ்காரர் ஓடிவந்து, "யோவ், பைத்தியமா?" என்றார். ஹாரன்காரனுக்கு வேறெப்படி மரியாதை செய்வது?

சென்ட்ரல் வாசலில் பின்னால் இருபது வண்டி அலறுகிறது. போர்ட்டர் பெட்டியை இறக்கிவிட்டார். அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ, நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை. ஒரு கும்பிடுகூட ஒழுங்காகப் போடவில்லை. பாபி ஜன்னலில் குனிந்து அதைச் சொன்னார்கள். என்ஜின் சத்தம், ஹாரன் சத்தம், என் காது. நான் தலையை ஆட்டினேன். போய்விட்டார்கள். கூட்டத்தில் புர்காக்கள் பல. எது பாபி என்று தெரியவில்லை.

அந்த வார்த்தை என்ன? "மன்னிச்சிடுங்க" என்றார்களா? "இனி பாக்க மாட்டோம்" என்றார்களா? "அவர் கபருக்கு நீங்க போயி வாங்க" என்றார்களா? அப்படிச் சொல்லி நான் கேட்காமல் விட்டிருந்தால்?

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது பாய். மருமகள் எழுதுவதை விட்டுவிட்டு ஓடினாள். முகம் தெரிகிற மாதிரிப் பேசுகிற போன். உன் பெண் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பாபி வாணியம்பாடி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், தலையில் துணி, கையில் டீ. வெட்கத்தை விட்டுவிட்டு மருமகளிடம், "ஸ்டேஷன்ல இன்னா சொன்னாங்கன்னு கேளு" என்றேன். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு என் காதுக்கிட்டே வந்து கத்தினாள்.

"நாளைக்கே அந்த எர்த் பட்டைய மாத்திடுவேன்னு தலையாட்டுனீங்களாம். மறந்துடாதீங்கன்னு சொல்றாங்க. ரம்ஜானுக்கு வந்து கூட்டிக்கினு போகணுமாம், அவர் கபரப் பாக்க. கொடிக்கயித்த நம்பி அவ்ளோ தூரம் வர முடியாதாம்."

அவ்வளவுதான். அதற்காகத்தான் தலையாட்டியிருக்கிறேன்.

போனில் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து விரலைத் தூக்கி வட்டம் போட்டேன். அங்கேயிருந்து ஒரு வட்டம் திரும்பி வந்தது. உன் பெண்ணுக்கு விளங்கவில்லை, என் மருமகளுக்கும் விளங்கவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

நாளைக்குக் காலையில் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்ப் புதுப் பட்டை வாங்குவேன். கறுப்பு வயரை டிக்கியிலேயே வைத்துக்கொள்வேன். கை வாசனையை இனிக் கழுவப்போவதில்லை.

மருமகள் கேட்கிறாள், "மாமா, எல்லா எடத்துலயும் பாபி பாபின்னே எழுதிட்டேன். அவங்க பேர் இன்னா?" இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. நீ எங்கள் எதிரில் கூப்பிட்டதும் இல்லை, ஒருதரம் என்னிடம் மட்டும் சொன்னதோடு சரி. இஸ்திரிக்காரர் போய்விட்டார். என் வீட்டுக்காரி போய்விட்டாள். நீயும் போய்விட்டாய். நான் ஒரு விரலைத் தூக்கினால் அது என்னவென்று தெரிந்தவர் என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் இருக்கிறார். எழுதிக்கொள் என்றேன்.

மெஹருன்னிசா.